அத்தையின் காலும் அப்பாவின் ரத்தமும்

எங்கள் வீட்டில் பெரியத்தைக்கு மட்டும் தனியாக ஒரு மணை உண்டு. சமையற்கட்டுக்கும் கொல்லைக்கும் நடுவில் இருந்த தாழ்வாரத்தில் சுவரோரமாகச் சாய்த்து வைத்திருப்பார்கள். வேறு யாரும் அதை எடுத்துப் போட்டு உட்கார மாட்டோம். உட்காரக் கூடாது என்று யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கிணற்றடியில் அவர் குளித்துவிட்டுப் போன பிறகு, அம்மா அந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீரை வீசி ஊற்றிவிட்டுத்தான் எங்களைக் குளிக்கக் கூப்பிடுவாள்.

பெரியத்தைக்கு இடது காலில் யானைக்கால். முழங்காலுக்குக் கீழே ஒரே பருமனாக இறங்கும், கணுக்கால் என்று ஒன்று தெரியாது. பாதத்தின் மேல் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். விரல்கள் அந்த மடிப்புக்குள் புதைந்து, நகம் மட்டும் வெளியே தெரியும். இருபத்தேழு வயதில் வீங்க ஆரம்பித்ததாம். புகுந்த வீட்டில் இரண்டு வருஷம் பார்த்துவிட்டு, "கொஞ்ச நாள் அங்கே இருந்து வைத்தியம் பண்ணிக்கொண்டு வரட்டும்" என்று அனுப்பினார்கள். அந்தக் கொஞ்ச நாள் அவருடைய ஆயுள் முழுக்க நீண்டது.

கும்பகோணத்தில் அப்போது இது அபூர்வமான காட்சி இல்லை. தெருவுக்கு ஒருவராவது இருப்பார். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர்ப்பெயரைச் சொன்னால் வெற்றிலையும் பித்தளைப் பாத்திரமும் கோயிலும் நினைவுக்கு வரும், கூடவே கொசுவும் யானைக்காலும் வரும். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணை நாலடி நடக்கச் சொல்வார்கள். வீட்டில் யாருக்காவது கால் இருக்கிறதா என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். "கால் இருக்கிறதா" என்றால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அக்காவுக்கு வரன் பார்த்த சமயங்களில் பெரியத்தை கொல்லைப்புற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். யாரும் போகச் சொல்ல மாட்டார்கள். அவராகவே போவார்.

1983இல் எனக்குப் பதினொரு வயது. ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டு முடித்துப் பாய் விரிக்கிற நேரம், ஒன்பது மணிக்கு மேல், இரண்டு பேர் டார்ச் விளக்கும் ஒரு மரப்பெட்டியுமாக வந்தார்கள். யானைக்கால் தடுப்புப் பிரிவிலிருந்து வருகிறோம், வீட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் ரத்தம் எடுக்க வேண்டும் என்றார்கள். தூங்கிப்போன தம்பியைக்கூட எழுப்பச் சொன்னார்கள். விரல் நுனியில் பஞ்சால் துடைத்து, சுருக்கென்று ஒரு குத்து. வந்த சொட்டைக் கண்ணாடிச் சில்லில் மூன்று கோடாக இழுத்து, ஓரத்தில் நம்பர் எழுதிப் பெட்டியின் வரிப்பள்ளத்தில் செருகினார்கள். "பகல்ல வந்தா என்ன?" என்று அப்பா கேட்டார். "பகல்ல வந்தா புழு இருக்காதுங்க" என்றார் வந்தவர். எங்களுக்கு அது விளங்கவில்லை.

சில நாள் கழித்து ஒருவர் சீட்டோடு வந்தார். பெரியத்தையின் பெயரைத்தான் சொல்லப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தோம். பெரியத்தைகூட வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் படித்த பெயர் அப்பாவுடையது. அப்பாவின் ரத்தத்தில் யானைக்கால் புழு இருக்கிறது, பன்னிரண்டு நாள் மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார். பெரியத்தைக்கு? "அவங்க ரத்தம் சுத்தமா இருக்கு."

அப்பா நம்பவில்லை. தினமும் சைக்கிளில் சுவாமிமலை வரை போய் வருகிற ஆள். இரண்டு காலும் மூங்கில் மாதிரி இருக்கும். "சில்லு மாறியிருக்கும்" என்றார். அம்மாவும் அதையே சொன்னாள். அத்தையின் சில்லும் அப்பாவின் சில்லும் மாறிப்போய்விட்டன என்று எங்கள் வீட்டில் ரொம்ப நாள் நம்பினோம். அப்பா மூன்று நாள் மாத்திரை சாப்பிட்டார். காய்ச்சலும் வாந்தியும் வந்ததும் நிறுத்திவிட்டார். அம்மா கிணற்றடியில் தண்ணீர் வீசி ஊற்றுவதை நிறுத்தவில்லை.

சில்லு மாறவில்லை. அதை உறுதியாகச் சொல்லும் அறிவு எனக்குப் பத்துப் பதினைந்து வருஷம் கழித்துத்தான் வந்தது. நான் ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம் படித்து, 1994 முதல் இருபத்தாறு வருஷம் ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் வேலை பார்த்தேன். ராத்திரி ஷிப்டில் ஒரு நாள், வேறெதற்கோ வந்த ரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது சிவப்பணுக்கள் ஓரிடத்தில் மட்டும் தாமாக நகர்ந்தன. குவியத்தைச் சரிசெய்தேன். கண்ணாடி நூல் மாதிரி ஒன்று, வளைந்தும் நிமிர்ந்தும் அணுக்களை இருபுறமும் ஒதுக்கித் தள்ளிக்கொண்டு துடித்தது. நீளம் கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம் இருக்கும். பருமன் ஒரு சிவப்பணுவின் அகலம்தான். அதைச் சுற்றி உறை ஒன்று, குழந்தைக்குப் பெரிய சட்டை போட்ட மாதிரி தலைக்கும் வாலுக்கும் அப்பால் தொளதொளவென்று நீண்டிருந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ரத்தத்துக்குச் சொந்தக்காரர் இருபத்திரண்டு வயது இளைஞர். காலில் ஒரு குறையும் இல்லை. அன்றைக்கு எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது.

நான் பார்த்தது குட்டிப் புழு. தாய்ப் புழு ரத்தத்தில் இருக்காது. உச்சரேரியா பான்க்ராஃப்டி என்று பெயர். பெண் புழு எட்டுப் பத்து சென்டிமீட்டர் நீளம், தலைமயிர் பருமன். ஆண் அதில் பாதி. இவை குடியிருக்கும் இடம் நிணநீர்க் குழாய்.

நிணநீர் என்றால் என்ன என்று காவிரிப் படுகையில் பிறந்தவர்களுக்குச் சொல்வது சுலபம். வயலுக்குத் தண்ணீர் கொண்டுவருவது வாய்க்கால். பாய்ந்தது போக மிச்சத்தை எடுத்துக்கொண்டு போவது வடிகால். வாய்க்காலைப் பற்றித்தான் ஊரே பேசும், சண்டை போடும். ஆனால் வடிகால் தூர்ந்துபோனால் பயிர் அழுகும் என்பது விவசாயிக்குத் தெரியும். உடம்பில் ரத்தக் குழாய் வாய்க்கால். அதிலிருந்து கசிந்து தசைக்குள் பரவிய நீரைத் திரும்பச் சேகரித்து, வழியில் நெறிகளில் வடிகட்டி, மறுபடி ரத்தத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வடிகால்தான் நிணநீர்க் குழாய். இதைத் தள்ளுவதற்கு இதயம் மாதிரி பம்பு கிடையாது. குழாய்ச் சுவரின் சுருக்கத்தாலும் நடக்கும்போது தசை அழுத்துவதாலும், சின்னச் சின்ன வால்வுகளின் உதவியோடு மெதுவாக மேலேறுகிறது. புழுக்கள் அதற்குள் கூடுகட்டிப் புரண்டுகொண்டே இருந்தால் குழாய் தளர்ந்து அகன்றுபோகிறது, வால்வு மூடுவதில்லை. வடிகால் தூர்ந்துவிட்டது. நீர் காலில் தேங்க ஆரம்பிக்கிறது.

ஒரு புழு ஆறிலிருந்து எட்டு வருஷம் வரை உயிரோடிருக்கும். அவ்வளவு காலமும் பெண் புழு லட்சக்கணக்கில் குட்டி போடும். பகலில் அந்தக் குட்டிகள் நுரையீரலின் ரத்தக் குழாய்களில் ஒதுங்கியிருக்கும். ராத்திரி பத்திலிருந்து இரண்டு மணிக்குள் கை கால் தோலுக்கடியில் ஓடும் ரத்தத்துக்கு வந்துவிடும். ஏனென்றால் இதைச் சுமக்கும் கொசு கடிப்பது அந்த நேரத்தில்தான். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் மரப்பெட்டியோடு வந்தவர்கள் கொசுவின் நேரத்துக்கு வந்தார்கள்.

சரி, அத்தையின் ரத்தம் ஏன் சுத்தமாக இருந்தது? கால் முற்றி வீங்கும் கட்டத்தில் பெரும்பாலானவர்களுக்கு ரத்தத்தில் குட்டிப் புழு இருப்பதில்லை. உள்ளே இருந்த புழுக்கள் வயதாகியோ உடம்பு எதிர்த்தோ செத்துப்போயிருக்கும். சேதமான வடிகால் மட்டும் சேதமாகவே நின்றுவிடும். அந்தக் காலிலிருந்து யாருக்கும் எதுவும் ஒட்டாது. மணையிலிருந்து ஒட்டாது, குளித்த தண்ணீரிலிருந்து ஒட்டாது. கொசு வந்து கடித்தாலும் எடுத்துக்கொண்டு போக அங்கே ஒன்றுமில்லை. புழுவைச் சுமந்தது அப்பா. ஒரு வலியும் இல்லாமல், ஒரு அறிகுறியும் இல்லாமல், தினமும் ராத்திரி திண்ணையில் மேல்துண்டை விரித்துப் படுத்துக் கொசுக்களுக்குப் புழுவைக் கொடுத்துக்கொண்டிருந்தார். வீட்டில் யாரையாவது கொசுவலைக்குள் படுக்க வைத்திருக்க வேண்டுமென்றால் அது அவரைத்தான். நாங்கள் ஒதுக்கி வைத்தது அத்தையை.

இதை எழுதும்போது கை நிற்கிறது. ஒரு மனுஷி முப்பது வருஷம் ஒரே மணையில் உட்கார்ந்தார். அதற்கு ஒரு காரணமும் இல்லை.

எங்கள் வீடு மட்டும் இப்படி இருக்கவில்லை. இந்தக் காலைப் பிறப்போடும் பாவத்தோடும் சேர்த்துப் பார்த்த பழக்கம் ரொம்பப் பழையது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் கோவாவில் சில வருஷம் இருந்த லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர், மயிலாப்பூரில் புனித தோமையாரைக் கொன்றவர்களின் வம்சத்தார் யானைக்கால் மாதிரி வீங்கிய ஒற்றைக் காலோடு பிறக்கிறார்கள் என்று அன்றைக்குச் சொல்லப்பட்ட கதையைப் பதிவுசெய்திருக்கிறார். யாரும் அந்தக் காலோடு பிறப்பதில்லை. இது வம்சத்தில் வருவதும் இல்லை. ஒரு குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு வருவது, அவர்கள் எல்லோரும் ஒரே சாக்கடையோரத்தில் படுத்துத் தூங்கியதால்.

கொசுதான் காரணம் என்று முதலில் கண்டது பேட்ரிக் மேன்சன். சீனாவின் அமோய் துறைமுகத்தில் மருத்துவராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர். 1877இல், ரத்தத்தில் குட்டிப் புழு இருந்த தன் தோட்டக்காரர் ஹின் லோவைக் கொசுக்களுக்கு நடுவே தூங்கவைத்து, கடித்துப் பருத்த கொசுக்களைப் பிடித்து அறுத்துப் பார்த்தார். கொசுவின் உடம்புக்குள் புழு வளர்வதைக் கண்டார். மலேரியாவும் கொசுவும் சம்பந்தப்பட்டவை என்று ரொனால்ட் ராஸ் சிகந்தராபாத்தில் நிரூபித்தது இதற்கு இருபது வருஷம் கழித்து, 1897இல். ஆனால் மேன்சன் ஓரிடத்தில் தவறினார். கொசு தண்ணீரில் விழுந்து செத்து, அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவருக்குப் புழு போகிறது என்று நினைத்தார். 1900இல்தான் கார்மைக்கேல் லோ என்பவர் கொசுவின் ஊசிமூக்குக்குள்ளேயே புழு இருப்பதைக் காட்டினார். எனக்கு இந்த வரலாற்றில் ஹின் லோதான் மனதில் நிற்கிறார். அவர் சம்மதித்தாரா, எப்படிச் சம்மதித்தார் என்பதைப் பற்றி யாரும் அக்கறைப்படாத காலம். தன் உடம்பையே கொடுத்தவர் அவர்.

கொசு கடித்தவுடன் நோய் வந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டெங்கு மாதிரி ஒரே கடியில் வருகிற நோய் இல்லை இது. கொசுவுக்குள் போன குட்டிப் புழு பத்துப் பதினான்கு நாள் வளர வேண்டும், அதுவரை கொசு சாகாமல் இருக்க வேண்டும். கொசுவுக்குள் புழு வளருமே தவிர எண்ணிக்கையில் பெருகாது. கடிக்கும்போது ஊசி போட்ட மாதிரி நேராக உள்ளே இறங்குவதும் இல்லை. மூக்கிலிருந்து தோல்மேல் இறங்கி, கொசு குத்திய ஓட்டையைத் தேடி உள்ளே நுழைய வேண்டும். ஆணும் பெண்ணுமாகப் புழுக்கள் ஒரே உடம்பில் சேர வேண்டும். அதற்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கடி பட வேண்டும். கோயிலுக்கு வந்து இரண்டு நாள் தங்கிப் போகிறவருக்கு வருவது அபூர்வம். அங்கேயே பிறந்து, ராத்திரிக்கு ராத்திரி கடிபட்டு வளர்கிறவருக்கு வருகிறது. சின்ன வயதில் தொற்றிக்கொண்டு, கால் வீங்குவது பத்து இருபது வருஷம் கழித்து. அத்தைக்கு இருபத்தேழு வயதில் வீங்கிய காலுக்கான கடிகள் அவர் பாவாடை கட்டிய வயதிலேயே பட்டிருக்கும்.

கொசுவைப் பற்றி எழுத எனக்கு நிறைய இருக்கிறது. டெங்குப் பிரசாரம் பல வருஷமாக நடந்து, "நல்ல தண்ணியிலதான் கொசு வரும்" என்று மக்கள் மனதில் பதிந்துவிட்டது. பூந்தொட்டித் தட்டு, டயர், தேங்காய்ச் சிரட்டை எல்லாம் ஏடிஸ் கொசுவின் இடம். அது பகலில் கடிக்கும். யானைக்கால் புழுவைச் சுமப்பது க்யூலெக்ஸ். அதற்குக் கெட்டுப்போன தண்ணீர்தான் வேண்டும். தேங்கிய சாக்கடை, மூடாத கழிவுநீர்க் குழி, செப்டிக் டேங்க், பாழடைந்த கிணறு. முட்டைகளை நூற்றுக்கும் மேலாக ஒன்றோடொன்று ஒட்டி, கரித்தூள் துணுக்கு மிதக்கிற மாதிரி தண்ணீர் மேல் விட்டுவிட்டுப் போகும். ஒரு வாரம் பத்து நாளில் அத்தனையும் கொசுவாகிவிடும். எங்கள் தெருவில் ஒவ்வொரு கொல்லையிலும் ஒரு கிணறு, அதற்குப் பக்கத்திலேயே குளித்த தண்ணீர் போகும் குழி, அதற்குப் பின்னால் திறந்த சாக்கடை. கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்தாலும் இவ்வளவு வசதி செய்திருக்க முடியாது.

உங்கள் வீட்டு செப்டிக் டேங்கிலிருந்து ஒரு ஏர் பைப் மேலே போகுமே, அதன் வாயில் வலை கட்டியிருக்கிறதா என்று இன்றைக்கே மாடியேறிப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு சாண் நைலான் கொசுவலைத் துணியைப் போர்த்தி, சைக்கிள் ட்யூபைக் கத்தரித்து இறுக்கக் கட்டுங்கள். கம்பி வலை அந்தக் காற்றுக்குத் துருப்பிடித்து ஒரு மழைக்காலத்தில் போய்விடும், நைலான் தாங்கும். தொட்டியின் மூடிச் சிலாப்பு ஓரத்தில் விரிசல் இருந்தால் சிமெண்ட் பூசுங்கள். சாயந்திரம் ஆறு மணிக்கு அந்த விரிசல் பக்கத்தில் நின்று பாருங்கள், புகை மாதிரி கொசு எழும்புவது தெரியும். ராத்திரி புகைக்கும் சுருளைவிட, சுவரில் செருகும் மருந்தைவிட இந்த ஒரு சாண் துணி அதிகம் செய்யும்.

குழியை மூட முடியாத இடத்துக்கும் வழி கண்டார்கள். விழுப்புரம் பக்கம் திருக்கோவிலூர்ப் பகுதிக் கிராமங்களில், மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தினர் உறிஞ்சுகுழிகளிலும் கிணறுகளிலும் தெர்மாகோல் மணிகளைக் கொட்டினார்கள். ஜவ்வரிசி மாதிரி வெள்ளை மணிகள் தண்ணீரின் மேல் கம்பளமாக மிதக்கும். புழுநிலையில் இருக்கும் கொசுவால் மேலே வந்து மூச்சு விட முடியாது, தாய்க் கொசுவால் முட்டையிடவும் முடியாது. மாத்திரை மட்டும் கொடுத்த ஊர்களைவிட, மாத்திரையோடு கொசுவையும் கட்டுப்படுத்திய ஊர்களில் பலன் நிலைத்து நின்றதை அவர்கள் பதிவுசெய்தார்கள். புதுச்சேரியில் 1981 முதல் ஐந்து வருஷம் நகரம் முழுக்கக் கொசு உற்பத்தியாகும் இடங்களையே குறிவைத்து வேலை நடந்தது. கேரளத்தின் சேர்த்தலையில் கதை வேறு. அங்கே இருந்தது ப்ரூகியா என்ற இன்னொரு புழு, மேன்சோனியா என்ற இன்னொரு கொசு. அந்தக் கொசுவின் புழுநிலை, குளத்தில் மிதக்கும் ஆகாயத்தாமரையின் வேரைக் குத்தி அதிலிருந்து மூச்சு எடுக்கும். அதனால் செடியை அள்ளிக் குளத்தில் மீன் வளர்க்க மக்களை ஊக்குவித்தார்கள். கொசுவும் போனது, மீனுக்குக் காசும் வந்தது. கொசு ஒழிப்பு என்றால் மருந்தடிப்பது மட்டும்தான் என்று நினைக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம் மாத்திரை. டி.இ.சி. என்கிற டைஎதில்கார்பமசின் 1947 முதல் இருக்கிறது. இந்தியாவில் யானைக்கால் தடுப்புத் திட்டம் 1955இல் தொடங்கியது. அப்பாவுக்குக் கொடுத்த மாதிரி, ராத்திரி ரத்தம் எடுத்துப் புழு உள்ளவரைக் கண்டுபிடித்துப் பன்னிரண்டு நாள் கொடுப்பதுதான் ரொம்ப காலம் வழக்கம். ஊர் ஊராக அத்தனை பேருக்கும் ராத்திரி ரத்தம் எடுக்க முடியுமா? பிறகுதான் யோசனை மாறியது. நோய் உள்ள பகுதியில் பரிசோதனை ஏதுமில்லாமல் எல்லோருக்கும் வருஷத்துக்கு ஒரு நாள் மாத்திரை. 2004இல் நாடு தழுவித் தொடங்கியது. பெரியவர்களுக்கு டி.இ.சி. மூன்று, ஆறிலிருந்து பதினான்கு வயதுக்கு இரண்டு, இரண்டிலிருந்து ஐந்து வயதுக்கு ஒன்று, கூடவே அல்பெண்டசோல் ஒன்று. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கடுமையான நோயில் இருப்பவர்களுக்கும் கிடையாது. வெறும் வயிற்றில் போடக் கூடாது.

ஒரே நாள் மாத்திரை தாய்ப் புழுவை முழுசாகக் கொல்லாது. ரத்தத்தில் இருக்கும் குட்டிகளைத் துடைத்துவிடும். மறுபடி குட்டிகள் பெருகுவதற்குள் அடுத்த வருஷ மாத்திரை. இப்படிக் குறைந்தது ஐந்து வருஷம், ஊரில் நூற்றுக்கு அறுபத்தைந்து பேராவது விழுங்கினால், தாய்ப் புழு வயதாகிச் சாகும்வரை கொசுவுக்கு ஒன்றும் கிடைக்காமல் சங்கிலி அறுந்துவிடும். இந்தக் கணக்கு வாங்கினவர்களைப் பற்றியது இல்லை, விழுங்கினவர்களைப் பற்றியது. எத்தனையோ வீடுகளில் அந்த மாத்திரை சாமி படத்துக்குப் பின்னால் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். "எனக்குத்தான் ஒண்ணுமில்லையே" என்பார்கள். அப்பா சொன்ன அதே வார்த்தை. மாத்திரை வேண்டியது ஒன்றுமில்லாதவர்களுக்குத்தான். சாப்பிட்ட அன்றைக்குக் காய்ச்சலோ தலைவலியோ வாந்தியோ வந்தால் பலர் மருந்து கெட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ரத்தத்தில் குட்டிப் புழு கூட்டமாகச் சாவதால்தான் பெரும்பாலும் அப்படி வருகிறது. புழு இல்லாதவருக்குப் பொதுவாக ஒன்றும் செய்யாது. அப்பாவின் வாந்திக்கு அர்த்தம், மாத்திரை வேலை செய்தது என்பது. இதை அன்றைக்கு யாராவது உட்கார்ந்து சொல்லியிருந்தால் மிச்ச ஒன்பது நாளும் சாப்பிட்டிருப்பார்.

சீனாவில் இந்த மருந்தைச் சமையல் உப்பிலேயே கலந்து கொடுத்தார்கள். 2007இல் அங்கே நோய் ஒழிந்தது. இலங்கை 2016இல் ஒழித்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது, வங்கதேசம் 2023இல். நம் நாட்டில் 2018 முதல் சில மாவட்டங்களில் ஐவர்மெக்டினையும் சேர்த்து மூன்று மருந்தாகக் கொடுக்கிறார்கள், 2027க்குள் ஒழிப்பதாக இலக்கு. தமிழ்நாட்டில் நோய் வெகுவாகக் குறைந்துவிட்டது. இன்றைக்குக் கும்பகோணத்தில் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு எங்கள் தெருவின் பயம் தெரியாது. ஆனால் பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசத்தில் இன்னும் இருக்கிறது. அங்கிருந்து இங்கே வேலைக்கு வந்திருப்பவர்கள் சாக்கடையோரத் தகரக் கொட்டகைகளில் வலையில்லாமல் படுக்கிறார்கள். அவர்களுக்குக் கொசுவலையும் ராத்திரி ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் கிடைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அத்தைக்கு வைத்த தனி மணையை அவர்களுக்கு வைத்துவிடக் கூடாது.

ஆண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் புழுவால் கால் வீங்கியவர்களைவிட விரை வீங்கிய ஆண்கள் உலகத்தில் அதிகம். ஓதம், அண்டவாதம் என்றெல்லாம் சொல்வார்கள், அல்லது சொல்லவே மாட்டார்கள். என் சித்தப்பா பதினான்கு வருஷம் சொல்லவில்லை. எப்போதும் தளர்வாக வேட்டி கட்டுவார், சைக்கிளை விட்டுவிட்டார், நாங்கள் வயதாகிறது என்று நினைத்தோம். கடைசியில் செய்தது ஒரு சின்ன அறுவை சிகிச்சை, சில நாளில் வீட்டுக்கு வந்துவிட்டார். கால் வீக்கம் மாதிரி இல்லை, இதைச் சரிசெய்துவிட முடியும்.

காலைப் பொறுத்தவரை, பெரியத்தையை முன்பு ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனபோது அவர் தொட்டுக்கூடப் பார்க்காமல், "இனிமே ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்று அனுப்பிவிட்டார். வீக்கம் முழுசாக வற்றாது என்பது உண்மைதான். ஆனால் அத்தையை வதைத்தது வீக்கம் மட்டும் இல்லை. மாதா மாதம் வந்த காய்ச்சல். முதலில் தொடை இடுக்கில் நெறி கட்டும். அப்புறம் பல் கிட்டுகிற மாதிரி குளிர், நாலு போர்வை போர்த்தினாலும் நடுக்கம். கால் நெருப்பாகச் சிவந்து, ஒரு வாரம் எழுந்திருக்க முடியாது. ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பிறகும் கால் இன்னும் கொஞ்சம் பருத்திருக்கும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வரும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள், அத்தையும் நம்பினார்.

2001இல் நான் வேலை பார்த்த இடத்துக்கு வந்த ஒரு தோல் மருத்துவரிடம் அத்தையைக் காட்டினேன். அவர் முதலில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அத்தையின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அத்தை பதறிப்போய்க் காலை இழுத்தார். "இருங்கம்மா" என்று சொல்லி, ஒவ்வொரு விரலாகப் பிரித்து டார்ச் அடித்துப் பார்த்தார். நாலாவது விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் தோல் வெள்ளையாக ஊறி, பிளந்திருந்தது. "இதுதாம்மா வாசல். இது வழியாத்தான் காய்ச்சல் வருது" என்றார்.

வடிகால் கெட்ட கால் கிருமிகளை வெளியேற்ற முடியாத கால். விரலிடுக்கு வெடிப்பு வழியாகச் சாதாரண பாக்டீரியா உள்ளே போனாலே காய்ச்சல்தான். பிரேசிலின் ரெசிஃபே நகரில் ஜெருசா ட்ரேயர் என்ற மருத்துவர் இதை நன்றாகக் கண்டு, நோயாளிகளுக்கு வீட்டிலேயே கால் கழுவக் கற்றுக்கொடுத்தார். எங்கள் தோல் மருத்துவர் சொன்னதும் அதேதான். தினமும் ராத்திரி படுக்கும் முன் சாதாரணத் தண்ணீர், சாதாரண சோப்பு. தேய்க்காமல் கையால் மடிப்புக்குள் எல்லாம் விட்டு நுரையைக் கழுவ வேண்டும். அப்புறம் மெல்லிய துணியால் ஒவ்வொரு விரலிடுக்கையும் ஒற்றி ஈரமே இல்லாமல் துடைக்க வேண்டும். வெடிப்புக்கு அவர் கொடுத்த களிம்பு. படுக்கும்போது காலுக்கு அடியில் தலையணை. உட்கார்ந்திருக்கும்போது குதிகாலை ஏற்றி இறக்குவது. காய்ச்சல் வந்தால் பயிற்சி வேண்டாம், சூடு வைக்கக் கூடாது, குளிர்ந்த நீரில் நனைத்த துணி போட்டுக்கொண்டு டாக்டரிடம் வர வேண்டும். கடைசியாக, வெறுங்காலோடு நடக்கக் கூடாது.

செருப்புக்குத்தான் கஷ்டமாக இருந்தது. அந்தக் காலுக்கு எந்தக் கடையிலும் செருப்பு கிடையாது. மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் செருப்பு தைக்கிற பெரியவர் ஒருவர், காகிதத்தில் அத்தையின் பாதத்தை வைத்து பென்சிலால் சுற்றி வரைந்துகொண்டு, உள்ளே மெத்தென்று ரப்பர் வைத்து, மேலே அகலப் பட்டை போட்டுத் தைத்துக் கொடுத்தார்.

அத்தை நாள்காட்டியில் காய்ச்சல் வந்த நாளைச் சுழித்து வைப்பார். 2000ஆம் வருஷ நாள்காட்டியில் ஒன்பது சுழி. 2002இல் இரண்டு. அமாவாசை அப்படியேதான் வந்துகொண்டிருந்தது. வீக்கம் கால்வாசிகூட வற்றவில்லை, ஆனால் தோல் மிருதுவாகி, அந்த வாடை போய்விட்டது. அம்மா ஒரு நாள் தாழ்வாரத்தைப் பெருக்கும்போது அந்த மணையை எடுத்து உள்ளே மற்ற மணைகளோடு அடுக்கினாள். எதுவும் சொல்லவில்லை. அத்தையும் எதுவும் கேட்கவில்லை.

1992 மகாமகத்துக்கு அத்தை வரவில்லை. வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். "என் காலைக் குளத்துல வச்சா நாலு பேர் ஏறிப் போயிடுவாங்க" என்று சொல்லிவிட்டார். 2004இல் கேட்டபோது, கூட்டம் குறைந்த பிறகு போகலாம் என்றார். தீர்த்தவாரி முடிந்து நான்கு நாள் கழித்து விடியற்காலையில் நானும் அவரும் போனோம். புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, என் தோளைப் பிடித்து நான்கு படி இறங்கி மூன்று முழுக்கு போட்டார். மேலே வந்து படியில் உட்கார்ந்தார். பக்கத்தில் வெளியூர்ப் பெண்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் துண்டால் அந்தக் காலை மூடப் போனேன்.

"மூடாதடி. முதல்ல துடைக்கணும்" என்று துண்டை வாங்கி, சுண்டு விரலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு இடுக்காக ஒற்றி எடுத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும், குளத்துத் தண்ணீராச்சே என்று கிணற்றடியில் சோப்பு போட்டு மறுபடி கழுவினார். அம்மா தண்ணீர் இறைத்து ஊற்றினாள்.